அடங்காத வகுப்பு, சின்னச் சின்ன வெற்றிகள்: புதிய ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு வகுப்புகளைத் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். மூன்று, நான்கு, ஐந்து என் அறையில். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டங்களுக்குப் போனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் டீ இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும்தான் இவை. எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். என் அறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

கடினமான வகுப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

பிள்ளைகள் மோசம் என்ற பொருளில் சொல்லவில்லை. என் அறையில் 27 பேர், மூன்று வகுப்பு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். அதனால் காகிதத்தில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போது மூன்றாம் வகுப்பில் ஒருவன் 'க' எழுதத் திணறுவான், அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு ரப்பருக்காகக் கட்டிப் புரள்வார்கள்.

எங்கள் பக்கம் பாதிப் பெற்றோருக்குப் பட்டாசு வேலை. காலை ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி வேன் வந்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளை தம்பியைக் குளிப்பாட்டி, தலை சீவிவிட்டு, வீட்டைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும். வகுப்பில் வந்து உட்காரும்போதே ஒரு வேளை வேலை முடித்த ஆள் மாதிரி களைத்திருக்கும். 'கவனிக்க மாட்டேங்குது' என்று சொல்வதற்கு முன்னால் இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சின்ன வெற்றி என்கிறீர்களே, எவ்வளவு சின்னது?

ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். 'மரம்' என்று எழுதிப் போட்டால் 'மாம்' என்பான். 'கரடி' அவனுக்குக் 'காடி'. ர தெரியவில்லை என்று நானாக முடிவு செய்து, இரண்டு வாரம் ர எழுத வைத்தேன். பக்கம் பக்கமாக எழுதினான். ர அட்டையைத் தனியாகக் காட்டினால் உடனே சொல்வான். சொல்லுக்குள் வந்தால் மட்டும் அந்த ர காணாமல் போய்விடும்.

ஒரு நாள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் விரல் போகிற வழியையே பார்த்தேன். ம-வைத் தொட்டது, அடுத்து ர-வைத் தொட்டது, வாய் 'மா' என்றது. ர-வை அவன் துணைக்கால் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். யோசித்துப் பார்த்தால் அவன் மேல் தப்பே இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம். ர-வின் அடியில் சாய்ந்து இறங்குகிற சின்னக் கோடு ஒன்றுதான் வித்தியாசம். கரும்பலகையில் வேகமாக எழுதும்போது அந்தக் கோட்டை நானே பல நேரம் சரியாக இழுப்பதில்லை.

மறுநாள் முதல் ர-வின் கோட்டை மட்டும் சிவப்பு சாக்பீசில் போட்டேன். "அடியில கோடு சாஞ்சு இறங்குனா ர. நேரா நின்னா துணைக்கால்." நான்காம் நாள் 'மரம்' வந்தது. ஐந்தாம் நாள் 'காரம்' எழுதினேன். அதில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். விரலை வைத்தான். க-வில் நின்றான். அடுத்ததின் அடியை உற்றுப் பார்த்தான். கா... ர... ம். சரியா என்று கேட்க என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனே அடுத்த சொல்லுக்குப் போய்விட்டான்.

இவ்வளவுதான். இதனால் தேர்வில் அவனுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கூடவில்லை. ஆனால் அவன் எங்கே நின்றுகொண்டிருந்தான், எங்கே நகர்ந்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன சொல்லித்தர வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரிந்தது. கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில் என்று நிற்கிற கொ, மொ, தொ வரிசை. சின்ன வெற்றியைத் தேடிப் பாருங்கள் என்று நான் சொல்வது மனதைத் தேற்றிக்கொள்வதற்காக அல்ல. நாளைக்கு என்ன பாடம் எடுப்பது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கிறது.

எமிஸ் (கல்வித் துறையின் இணையப் பதிவு), மதிப்பீடு, பதிவேடு எல்லாம் இருக்கும்போது இந்தச் சின்ன வெற்றிகளைக் குறிக்கத் தனியாக நோட்டு எதற்கு?

அடிப்படை எழுத்தையும் கணக்கையும் வரவைக்கிற அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைப்பது என் மாதிரி பல வகுப்பு அறைக்கு நிஜமாகவே உதவியாக இருக்கிறது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அரும்பிலிருந்து மொட்டுக்கு வர ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகலாம். அந்த ஆறு மாதமும் பதிவில் 'அரும்பு' என்றே நிற்கும். உள்ளே என்னென்னவோ நடந்திருக்கும், ஒன்றும் தெரியாது.

என் நோட்டில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கம். தேதி போட்டு ஒரு வரி. தினம் ஐந்தாறு பேர் என்று பார்த்தால் வாரத்துக்குள் எல்லோரும் வந்துவிடுவார்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. 'நன்றாகப் படித்தாள்' என்று எழுதாதீர்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதில் ஒன்றும் இருக்காது. 'மை, கை, பை தடங்கலில்லாமல் வாசித்தாள். ணை-யில் நின்றாள்' என்று எழுதுங்கள்.

இன்னொன்று. எழுதிய பக்கத்தைவிட எழுதாத பக்கம் எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது. இரண்டு வாரமாக ஒரு பக்கம் காலியாகக் கிடந்தால், அந்தப் பிள்ளையை நான் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அது சண்டை போடுகிற பையனுடைய பக்கமாக இருக்காது. சத்தமே இல்லாமல் மூலையில் உட்கார்ந்து, பார்த்து எழுதிவிட்டுப் போகிற பெண் பிள்ளையின் பக்கமாக இருக்கும்.

சத்தம் அடங்கவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பசியிலிருந்து. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் சில இடங்களில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன்னால் பத்தரை மணி ஆனால் என் வகுப்பில் பாதி தலை சாய்ந்துவிடும், மீதிப் பாதி சண்டை போடும். இப்போது உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு உட்காருகிற பிள்ளைகளின் முகமே வேறு. காலையில் சாப்பிடாமல் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.

அப்புறம், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கவனித்தேன். பெரும்பகுதி, வேலை இல்லாமல் காத்திருக்கிற பிள்ளைகளிடமிருந்து வந்தது. நான் நான்காம் வகுப்பிடம் பேசும்போது மூன்றுக்கும் ஐந்துக்கும் கையில் ஒன்றும் இல்லை. இப்போது பிள்ளைகள் வருவதற்கு முன்பே கரும்பலகையை மூன்றாகப் பிரித்து மூன்று வேலை எழுதிப் போட்டுவிடுகிறேன். வந்ததும் அதைத் தொடங்க வேண்டும். 27 பேரும் தலை குனிந்து வேலை பார்த்த நேரம் முதல் வாரத்தில் நாலு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்தேன். தீபாவளி தாண்டியபோது பதினேழு நிமிடம். முழு அமைதி இன்றுவரை வந்ததில்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

கம்பு எடுக்காமல் இதெல்லாம் நடக்குமா?

அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதையும் மனம் நோகப் பண்ணுவதையும் சேர்த்தே தடை செய்கிறது. 'மக்கு', 'உருப்பட மாட்ட' எல்லாம் இரண்டாவதில் வரும்.

சட்டத்தை விடுங்கள். வேலையில் சேர்ந்த முதல் வருடம், வீட்டுப்பாடம் எழுதாத ஒரு பையனை ஸ்கேலால் கையில் அடித்தேன். அவன் அழவில்லை. கேட்காமலே மற்றக் கையையும் நீட்டினான். வீட்டில் அப்படிப் பழகியிருக்கிறான். அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவன் நோட்டை முந்தின நாள் தம்பி கிழித்துப் போட்டிருந்தான். ஏன் எழுதவில்லை என்று நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அதற்கப்புறம் ஸ்கேலைக் கோடு போடத்தான் எடுக்கிறேன்.

தினமும் யாரையாவது அடிக்கிற பையனை என்ன செய்வது?

முதலில், எப்போது அடிக்கிறான் என்று குறித்து வையுங்கள். என் வகுப்பில் இருந்தவன் நான்காம் வகுப்பு. 'எந்நேரமும் அடிக்கிறான்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இரண்டு வாரம் குறித்துப் பார்த்தால் முக்கால்வாசிச் சண்டை மதியச் சாப்பாட்டு வரிசையில். பின்னாலிருந்து யாராவது முட்டினால் திரும்பிக் கையை ஓங்கிவிடுவான். பாட நேரத்தில் அவன் அவ்வளவாக அடிப்பதே இல்லை.

சரி என்று வரிசையிலிருந்து அவனை எடுத்து, தட்டு எடுத்துக் கொடுக்கிற வேலையைக் கொடுத்தேன். முதல் வாரமே தட்டால் ஒருவனை அடித்தான். சத்துணவு அக்கா, "இவனுக்குப் போயி இந்த வேலையக் குடுத்தீங்களே டீச்சர்" என்றார். விட மனமில்லை, தொடர்ந்தேன். மூன்றாவது வாரம் ஒரு மதியம் என்னிடம் வேகமாக வந்து நின்றான். இரண்டு கையும் இறுக மூடியிருந்தது. மூச்சு வாங்கியது.

"டீச்சர், நான் அவன அடிக்கப் போறேன் டீச்சர்."

அடித்துவிட்டு வந்து நிற்கிறவன், அன்றைக்கு அடிப்பதற்கு முன்னால் வந்து நின்றான். "சொல்லிட்டேல்ல, போயி மூஞ்சியக் கழுவிட்டு, தண்ணி குடிச்சிட்டு வாடா" என்றேன். போனான். குழாயடியில் ரொம்ப நேரம் நின்றான். திரும்பி வந்து தட்டு கொடுத்தான். நோட்டில் 'அடிக்கும் முன் வந்து சொன்னான்' என்று எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது.

மறுநாளே ஒருவனை அடித்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஏழு சண்டை, நாலு ஆனது, மறுபடி ஐந்து, அப்புறம் இரண்டு. நேர்கோட்டில் எதுவும் இறங்காது. ஏறுகிற வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள்.

சொல்வதெழுதுதலில் பத்துக்கு இரண்டு, மூன்றுதான் வருகிறது. இதில் எங்கே வெற்றி?

தப்புக்குள்ளேதான் இருக்கிறது. சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். 'பழம்' என்பதற்கு ஒரு பிள்ளை 'பளம்' என்று எழுதியிருந்தால் அது தப்புதான். ஆனால் எங்கள் ஊரில் பழத்தைப் பளம் என்றும் மழையை மளை என்றும்தான் பேசுகிறோம். காதில் விழுந்த ஒலியைப் பிசகாமல் எழுத்தில் கொண்டுவந்திருக்கிறது அந்தப் பிள்ளை. 'பம்' என்று எழுதியவனும் 'பளம்' என்று எழுதியவளும் ஒன்றா? மதிப்பெண்ணில் இரண்டு பேருக்கும் பூஜ்யம். அவனுக்கு இன்னும் ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழக்க வேண்டும். அவளுக்கு அது தாண்டிவிட்டது, ழ வருகிற சொற்களைக் கண்ணுக்குப் பழக்கினால் போதும். மழை, பழம், கீரைக்குழம்பு, வாழை என்று அவள் தினம் பார்க்கிற பத்துப் பொருளை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

ல, ள, ந, ன, ண, ர, ற எல்லாம் இதே கதைதான். குறில் நெடில் மாறுவது மட்டும் வேறு. 'பாடம்' என்பதற்குப் 'படம்' என்று எழுதினால் சும்மா விடாதீர்கள். அது காதிலேயே பிடிபடவில்லை. கைதட்டி, இழுத்துச் சொல்ல வைத்துத்தான் சரி செய்ய வேண்டும்.

வாயே திறக்காத பிள்ளையை எப்படிப் பேச வைப்பது?

பேச வைக்க முயலாதீர்கள். ஒரு சிறுமி ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வருகைப் பதிவின்போது 'உள்ளேன் டீச்சர்' என்றுகூடச் சொல்லவில்லை. கையைத் தூக்குவாள், நான் டிக் போடுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் மட்டும் காதுக்குள் பேசுவாள். அந்தத் தோழியையே நடுவில் ஆளாக வைத்துக்கொண்டேன், இந்தப் பிள்ளை காதுக்குள் சொல்லும், தோழி எனக்குச் சொல்வாள். செப்டம்பரில் ஒரு நாள் தோழி லீவு. வரிசைப்படி பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன், தோழியின் பெயர் வந்தது. மூலையிலிருந்து மெதுவாக, "அவளுக்குக் காய்ச்சல் டீச்சர்" என்று கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்த மூன்று மாதத்துக்குப் பேசியிருக்க மாட்டாள்.

காது சரியாகக் கேட்கிறதா, பலகை தெரிகிறதா என்பதையும் முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவிடமோ வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரிடமோ சொல்லுங்கள். கண்ணாடி போட்டால் தீர்ந்துபோகிற விஷயத்துக்காகப் பிள்ளைகள் வருடக்கணக்கில் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

வாய்ப்பாடு ஏறவே இல்லை. கணக்கில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. இரண்டாம் வாய்ப்பாட்டுக்கே திணறிய ஒரு பெண், ஒரு நாள் புளியங்கொட்டையைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் குவித்து வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். 12, 24, 36, 48 என்று 144 வரை நிற்காமல் சொன்னாள். யார் சொல்லித்தந்தது என்றால் "ஆச்சி" என்றாள். அவள் ஆச்சி அந்தக் காலத்தில் வீட்டில் தீப்பெட்டி ஒட்டியவர். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ், அதுதான் கூலிக் கணக்கு. அந்தக் கணக்கைப் பேத்திக்குத் தாலாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கிறார். அங்கிருந்து நான் பின்னோக்கி வந்தேன். பன்னிரண்டில் ஒரு குவியலைப் பாதியாகப் பிரித்தால் ஆறு, ஆறைப் பிரித்தால் மூன்று. பொங்கலுக்குள் மூன்றும் ஆறும் வந்துவிட்டன. ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரவில்லை.

வீட்டில் யாரும் கவனிப்பதில்லையே, நாம் மட்டும் என்ன செய்ய முடியும்?

கவனிப்பதில்லை என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பையன் 'மலை' என்பதில் லை-யை மேலே தும்பிக்கை மாதிரி சுழித்து எழுதிக்கொண்டு வந்தான். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் பார்த்தால் அது பழைய லை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் படித்த அவன் பாட்டி, ராத்திரி வேலை முடிந்து வந்து பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொல்லித் தந்திருக்கிறார். யாரும் கவனிக்காத பிள்ளை என்று நான் நினைத்திருந்தவன் அவன். பாட்டியிடம் போய் இரண்டு எழுத்தையும் எழுதிக் காட்டினேன். "மாத்திட்டாகளா டீச்சரம்மா" என்று கேட்டுவிட்டு, புது லை-யை ஒரு பக்கம் எழுதிப் பழகினார்.

பெற்றோரைக் கூப்பிடுவது என்றாலே புகார் என்று ஆகிவிட்டது. புகார் சொல்வதற்கு முன் ஒரு நல்ல செய்தியாவது சொல்லியிருங்கள். சாயங்காலம் வேன் இறங்குகிற இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

ஐந்தாம் வகுப்பு வந்தும் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு இனி என்ன?

கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் முதன்முதலில் வகுப்பில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பின் பாதி போய்விட்டது. அவர்கள் ஐந்துக்கு வந்தபோது சிலருக்கு எழுத்துக்கூட்டவே வரவில்லை. சின்னப் பிள்ளைகளின் அட்டையைக் கொடுத்தால் கூச்சப்பட்டார்கள். அதனால் மூன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையை அவர்களிடமே கொடுத்தேன். சொல்லிக்கொடுப்பதற்காக முந்தின நாள் என்னிடம் படித்துக்கொண்டு போனார்கள். 247 எழுத்தையும் வரிசையாக மனப்பாடம் பண்ண வைக்க வேண்டாம். ட, ப, ம மூன்றும் தெரிந்தால் படம், மடம், பட்டம் படிக்கலாம். முதல் நாளே ஒரு சொல்லைப் படித்தோம் என்று இருக்க வேண்டும்.

சின்ன வெற்றி போதும் என்று நாமே திருப்தியாகிவிட மாட்டோமா?

நியாயமான பயம். ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் இதையே கேட்டார். 'மரம்' படித்ததோடு நின்றுவிட்டால் அது ஏமாற்றுதான். ஆறாம் வகுப்பில் அவன் ஒரு பத்தியைத் தானாகப் படிக்க வேண்டும், அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஒரே மாதிரி வரி மூன்று முறை வந்தால் அதை வெற்றியாக எழுதுவதை நிறுத்திவிட்டு, அடுத்த படி என்ன என்று யோசிக்கிறேன். அதே சமயம், பக்கத்து ஊர்ப் பள்ளியோடும், அண்ணன் தம்பியோடும் ஒப்பிட்டுப் பேசமாட்டேன்.

பரிசு, ஸ்டார் எல்லாம் கொடுக்கலாமா?

கொடுத்துப் பார்த்தேன். வாங்கியவர்களே வாங்கினார்கள். இப்போது கொடுப்பதில்லை. என்ன செய்தான் என்பதைப் பெயர் சொல்லி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்கிறேன்.

ஒன்றுமே நடக்காத வாரம் வந்தால்?

வரும். மழை வாரம், திருவிழாவுக்கு அடுத்த வாரம், பட்டாசு ஆலையில் ஏதாவது விபத்து நடந்த வாரம். அந்த மாதிரி நாளில் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கதை சொல்லுங்கள். நோட்டில் 'வந்தான்' என்று மட்டும் எழுதிய வரிகள் என்னிடம் நிறைய உண்டு. சில பிள்ளைகளுக்கு அந்த வாரத்தில் பள்ளிக்கு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்.

கலந்தாய்வில் மாறுதல் கிடைத்தால் அந்த நோட்டை என்ன செய்வது?

அடுத்து வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். முழுக்கப் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. அதனால் ஒவ்வொரு பிள்ளையின் முதல் பக்கத்திலும் மேலே ஒரு வரி எழுதி வையுங்கள். என் நோட்டில் இப்படி இருக்கும்: 'சாப்பாட்டு வரிசையில் நிற்க வைக்க வேண்டாம், தட்டு கொடுப்பான்.' 'இவளைச் சத்தமாகக் கூப்பிட வேண்டாம், தோழி பக்கத்தில் இருக்கட்டும்.' 'ர-வின் சாய்ந்த கோட்டைத் தெளிவாக எழுதவும்.'